ரேகை வைத்தியர்

காலை 9.20-க்கு எந்த அலுவலக வாசலிலும் இவரைப் பார்க்கலாம். கைரேகை மிஷினுக்குப் பக்கத்தில், கையில் டீ கிளாஸோடு, சுவரில் சாய்ந்து நிற்பார். தான் பஞ்ச் வைத்து அரைமணி ஆகியிருந்தாலும் இடத்தைவிட்டு அசையமாட்டார். மூன்று லேட் மார்க்குக்கு அரை நாள் லீவு போய்விடுமே என்ற கிலியில் ஓடிவருகிறவர்களுக்கு இவரே அவசர சிகிச்சைப் பிரிவு.

மிஷினுக்குள் இருக்கும் பெண்மணி "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று முடிப்பதற்குள் வைத்தியர் ஆஜர். "அழுத்தாதீங்க சார், சும்மா தொடுங்க." "நெத்தியில ஒரு தடவை தேய்ச்சுட்டு வைங்கம்மா, எண்ணெய்ப் பசை வரும்." அது பலிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய உண்மையான திறமை நோயின் காரணத்தைச் சொல்வதில் இருக்கிறது. அதுவும் உரத்த குரலில்.

"என்ன சார், வீட்ல அம்மா ஊருக்குப் போயாச்சா? பாத்திர சோப்பு ரேகையைத் தின்னிருக்கே!" வரிசை திரும்பிப் பார்க்கும். அடுத்து, விரல் நுனியில் மருதாணியோடு வந்த பெண்: "நிச்சயமா? யாருக்கு, உனக்கா தங்கச்சிக்கா?" அதற்கடுத்தவர் விரலில் சிமென்ட் வெடிப்பு: "வீட்டுப் பூச்சு வேலையை நீங்களே பாக்கறீங்களா? லோன் இன்னும் வரலையோ?" 9.30-க்குள் மூன்று குடும்பத்துக் கதை மூன்று மாடிக்கும் ஏறிவிடும்.

இதே மனிதர் 11 மணி டீக்கு அந்தரங்க உரிமையின் காவலர் ஆகிவிடுவார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 ஆகஸ்ட் 24 அவருக்குச் சம்பளத் தேதியைவிட நன்றாக நினைவிருக்கும். "ஒன்பது ஜட்ஜும் ஒரே குரல்ல சொன்னாங்க சார். இங்க அஞ்சு பேர் டீக்கு எவ்வளவு சர்க்கரைனு ஒத்துப்போக மாட்டேங்கறோம்!"

மிஷினில் நம் ரேகையின் படத்தையா வைத்திருக்கிறார்கள், கோடு முடிகிற இடமும் பிரிகிற இடமும் வெறும் எண்களாகத்தானே பதிவாகிறது என்று யாராவது சமாதானம் சொன்னால், "எண்ணா இருந்தாலும் என் எண்தானே?" என்பார். 2002-ல் ஜப்பானில் ஜெலட்டின் விரல் செய்து மிஷின்களை ஏமாற்றிய ஆராய்ச்சியாளரில் ஆரம்பித்து, 2014-ல் ஜெர்மனி ராணுவ அமைச்சரின் ரேகையைப் பத்திரிகைப் புகைப்படங்களிலிருந்தே ஒருவர் எடுத்துக்காட்டிய கதையில் முடிப்பார். அதைப் படித்த நாளிலிருந்து குரூப் போட்டோவில் கைகளை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று பார்த்தால், ஒரு விஷயத்தில் மனிதர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. "பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். கட்டைவிரலுக்கு எங்க போறது? இருக்கறதே ரெண்டு. அதுல ஒண்ணு ஏற்கெனவே ரேஷன் கடைக் கணக்குல இருக்கு." நம் ரேகையெல்லாம் எங்கே இருக்கிறது என்று எச்.ஆரைக் கேட்டார். மிஷின் போட்டவரைக் கேளுங்கள் என்றார்கள். அவரைக் கேட்டால், கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்றார். இதற்கு நடுவே, நாலு வருஷம் முன்பு வேலையை விட்டுப்போன ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், விளையாட்டாக விரலை வைத்தார். "தேங்க் யூ" என்றது மிஷின். எங்கள் விரலை மூன்று முறை கேட்கிற மிஷின், அவர் விரலுக்கு ஒரே தடவையில்!

மிஷினிலிருந்து ரகசியம் கசியலாம், கசியாமலும் இருக்கலாம். வைத்தியரிடமிருந்து தினம் கசிகிறது. ஆகவே பாத்திரம் தேய்த்த அன்று அவர் கண்ணில் படாமல் சீக்கிரமே வந்துவிடுங்கள். வேலையை விட்டுப் போகிற அன்று மட்டும் அவர் பேச்சைக் கேட்டு, பி.எஃப். காகிதங்களோடு, ரேகையை அழித்துவிட்டோம் என்றும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே வேலை சம்பந்தப்பட்ட தகவலை நம் சம்மதம் இல்லாமல் கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. கேட்காமல் எவரும் அழித்துத் தரப்போவதில்லை.