பஞ்சு ஊரில் நுரை மெத்தை

ஏலக்காய்க்கு அடுத்தபடி போடிநாயக்கனூருக்குப் பேர் வாங்கித் தந்தது இலவம் பஞ்சு. ஊரான் தூக்கத்துக்கெல்லாம் மெத்தை, தலையணை அனுப்புகிற ஊர். நம்மாட்களோ பிள்ளைக்குத் தனி அறை என்றதும் மதுரைக்கு வண்டியேறி, நுரை மெத்தையும் கார்ட்டூன் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு கட்டிலும் வாங்கி வருகிறார்கள். அறைக்குள் நுழைந்தால் கண் எரியும். “புதுசு வாசம்!” என்று பூரிப்பார் அப்பா. கட்டில் பலகையின் மரத்தூளை ஒட்டும் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே புற்றுநோய்க் காரணி என்று சொல்லிவிட்ட வாசம்.

நுரைக்கும் ஒரு கதை உண்டு. கலிஃபோர்னியாவில் 1975-இல், நுரை சட்டெனத் தீப்பிடிக்கக் கூடாதென விதி போட்டார்கள். கம்பெனிகள் தீத்தடுப்பு ரசாயனத்தைக் கலந்தன. அது தூசியோடு தூசியாகித் தவழும் பிள்ளையின் கைவழியே வாய்க்குப் போனது. 2013-இல் விதியையே மாற்றினார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் எதற்கு? மலையில் ஏலச்செடிக்கு மருந்தடித்த சட்டையோடு ஜீப்பில் இறங்கி, அதைக் கழற்றி அந்தக் கட்டில் மேலேயே வீசுகிறோமே! ஏலக்காயில் மருந்து எச்சம் என்று 2023-இல் சபரிமலை அரவணைப் பிரசாத விற்பனையையே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. சட்டை மட்டும் என்ன, மாலை போட்டு விரதமா இருக்கிறது?

அண்ணாச்சி, புதுக் கட்டிலை ஆளில்லாத அறையில் சில வாரம் ஜன்னல் திறந்து காற்றாட விடுங்கள். மருந்துச் சட்டையை வாசலுக்கு வெளியிலேயே கழற்றித் தனியாகத் துவையுங்கள். மெத்தைக்குப் பக்கத்துத் தெருப் பஞ்சுக் கடையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.