மரக்கறிக்குக் கணக்கு, மாவுக்கு இல்லையாக்கும்

கோவிக்காதே மனே. பாசிக்குடா ஹோட்டல் குசினியில நீ படிச்சிட்டு வந்த கல்ஸோனேயில குறை பிடிக்க நான் வரல்ல. நேப்பிள்ஸ் எண்ட ஊரில பிட்சாவ அரைவட்டமா மடிச்சு, ஓரத்த ஒட்டி, போறணைக்குள்ள தள்ளுறாங்களாம். பார்த்தா, நம்ம கடைப் பற்றிஸுக்குச் சின்ன வயசில காணாமப்போன மூத்த அண்ணன் போலத்தான் இரிக்கு. பெத்தாவுக்குச் சீனி வருத்தம், எனக்குப் பிரஷர், அதால "உடம்புக்கு நல்ல கல்ஸோனே" செய்து தாறன் எண்டாய். நல்ல பிள்ளை. கரட், போஞ்சி, கறிமிளகாய் எண்டு விரல மடிச்சு எண்ணியும் காட்டினாய். அதச் சுத்தி இருந்த மாவ மட்டும் ஏன் மனே ஒருதரும் எண்ணல்ல?

மரக்கறி ஒரு பிடி, மா ரெண்டு பிடி, நடுவில சீஸ் ஒரு கட்டி. கிளினிக்கில மிஸ் கேட்டா "மரக்கறிதான் சாப்பிட்டன்" எண்டு பெத்தா சத்தியம் பண்ணுவா. இரத்தம் குத்திப் பார்த்தா மா வந்து சாட்சி சொல்லும்.

அந்த மா எங்கால வருது எண்டு தெரியுமா? கோதுமை நம்ம நாட்டில விளையிறதில்ல. கப்பலில வந்து திருகோணமலைச் சீனன்குடாவில இறங்குது. 1980 இல இருந்து பிரிமா ஆலை அங்கதான் அரைக்குது. அங்க இருந்து இஞ்ச வர, முந்தி வெருகல் கங்கையைப் பாதைப் படகில ஏறிக் கடக்கவேணும். இப்ப பாலத்தால ஓடி வந்திருது. ஆலையில தவிட்டையும் முளையையும் நீக்கி, வெள்ளையாக்கி அனுப்புறாங்கள். நார்ச்சத்து அங்கேயே நிண்டிருது, மிச்சம் வாயில போட்ட கையோட சீனியாகி இரத்தத்துக்குள்ள போயிருது. 2022 இல மாவும் இல்ல, காஸும் இல்ல எண்டு நாடே தலையில கை வைச்சுக்கொண்டு இருந்திச்சு. நாங்க மரவள்ளிய அவிச்சுத் திண்டம். அந்த வருசம் பெத்தாட சீனி இறங்கித்தான் இருந்திச்சு. இத அவட காதில போட்டுடாதே, மறுகா எனக்கு ராவைக்கும் மரவள்ளிதான்.

சரி, செய்யிறதெண்டு வந்திட்டாய், ஒழுங்காச் செய். பாதி ஆட்டா மா, கால் பங்கு குரக்கன் மா, மிச்சக் கால்தான் வெள்ளை மா. குரக்கன் நல்லதெண்டு அள்ளிக் கொட்டாதே. அதில இழுபடுற பசை இல்ல, கூடினா மடிக்கிற இடத்திலயே வாய் பிளந்திரும். ஈஸ்ட் போட்டு வெதுவெதுத் தண்ணியில குழை. ஈஸ்ட் இல்லாட்டி யோசிக்காதே, கள்ளு விட்டு அப்பமா புளிக்க வைச்ச ஆக்கள் நாங்க. ஒரு போத்தல் வாங்கி வா. மாவுக்கு நாலு கரண்டி போதும். மிச்சத்த என்ன செய்யிறதெண்டு நீ மண்டையக் குழப்பாதே.

உருண்டை தேசிக்காயிலும் கொஞ்சம் பெரிசு, அதுக்கு மேல வேணாம். மெல்லிசாத் தட்டு. ஹோட்டலில கோப்பை நிறைய ஒண்டு வைக்கிறது காசுக்கு. இஞ்ச உன்னட்டக் காசு கேக்கிற ஆள் இல்ல.

உள்ளுக்கு நுவரெலியாக் கரட்டத் தேடி வாழைச்சேனைச் சந்தைக்கு ஓடாதே. வேலியில முருங்கை நிக்குது, வளவில பூசணி கிடக்குது, கத்தரிக்காயும் பயத்தங்காயும் காய்க்குது. கத்தரிக்காய வெட்டி, ஒரு சிட்டிகை உப்பில பிசறிப் பிழிஞ்செடு. பூசணிய ஆவியில அவிச்சு மசி. பயத்தங்காயச் சின்னனா அரி. உள்ளி, வெங்காயம், பச்சக் கொச்சிக்காய் போட்டு, ஒரு கரண்டி எண்ணெயில எல்லாத்தையும் தண்ணி வத்தும் மட்டும் வதக்கு. முருங்கை இலையக் கடைசியில போடு. அவிச்ச பயறும் ஒரு பிடி சேர்த்தா வயிறு கெதியாப் பசிக்காது. நல்லா ஆறவிட்டு வை. சூடா வைச்சா, ஈரத்தோட வைச்சா, அடிமா ஊறிக் கிழியும். நீ போனமுறை அடுப்படியில அழுதது இதுக்குத்தான், ஈஸ்டுக்கு ஏச்சு விழுந்திச்சு.

இனிச் சீஸ் கதை. நேப்பிள்ஸ்காரனுக்குப் பெருமை தாற மொஸரெல்லா எதில செய்யிறது? எருமைப் பாலில. 1996 இல ஐரோப்பிய ஒன்றியம் "மொஸரெல்லா டி புஃபலா கம்பானா" எண்ட அதிட முழுப்பேருக்குச் சட்டக் காவலும் போட்டிரிக்கு. அவன் எருமைக்குக் காவல் போடுறான். நீ எருமை மேயிற வயலால மோட்டார் சைக்கிளில போய், கடையில பசுப்பால் சீஸப் பெட்டியோட வாங்கி வாறாய்! ஒரு சட்டி மட்டக்களப்புத் தயிர வெள்ளைத் துணியில கட்டி ராவைக்குத் தூக்கி விடு. விடிய அவங்கட ரிகொட்டாபோலக் கெட்டியா நிக்கும். எருமைப் பாலில கொழுப்புக் கூட, அதால ஒண்டுக்கு ஒரு கரண்டிதான். உப்பும் பார்த்துப் போடு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குள்ள எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கடைச் சீஸில அது ஏற்கெனவே ஏறித்தான் வரும். பெத்தா இடையில வந்து கருவாட்டுத் துண்டொண்ட உள்ளுக்கு வையெண்பா. காது கேக்காத ஆள்போல இரு, எனக்குப் பழக்கம்.

ஓரத்துக்கு ஒரு விரல் இடம் விட்டு, தண்ணி தொட்டு மடிச்சு, கொழுக்கட்டை ஓரம்போல நெரி. மேல கத்தியால ஒரு கீறல் போடு, ஆவி போக. பொரிக்கிறத மறந்திடு. போறணை இல்லையெண்டு கவலைப்படாதே: அடி தடிச்ச சட்டிய மூடி, கீழ தணல், மூடியில சிரட்டைக் கரி. பெத்தா கேக் சுடுறதே அப்படித்தான். அரை மணித்தியாலம் போக மணமே கூப்பிடும்.

எடுத்த உடன கடிக்காதே. மேல ஆறினாலும் உள்ளுக்குப் பூசணி கொதிச்சுக்கொண்டிருக்கும். உண்ட கல்ஸோனேயக் கடிச்ச வெள்ளைக்காரன் "வாவ் வாவ்" எண்டு கையால வாய விசிறினான் எண்டு சொன்னியே, அவன் மெச்சினதெண்டா நீ நினைச்சாய் மனே?