அரை மணி நேரப் பாவம்

சிவப்பு 40, மஞ்சள் 5, மஞ்சள் 6, நீலம் 1, நீலம் 2, பச்சை 3 என்று சிறைக்கைதிகளைப் போல எண்ணிட்டு அழைக்கப்படும் ஆறு செயற்கைச் சாயங்கள், சில குழந்தைகளின் சித்தத்தை ஓரிடத்தில் நில்லாது அலைய வைக்கின்றன என்ற காரணத்தால், பாடசாலைப் போஜனத்தில் இனிப் பிரவேசிக்கலாகாது என்று கலிபோர்னியா சட்டசபையார் 2024-ஆம் ஆண்டில் சட்டம் இயற்ற, செப்டம்பர் மாதத்தில் கவர்னர் நியூசம் அதில் கையொப்பமிட்டார். நல்ல காரியந்தான். ஆனால் அந்த ஆறு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு 2027 டிசம்பர் 31 வரை அவகாசம் உண்டு. ஊரைவிட்டு விலக்கியவனுக்கு மூன்று வருஷத்து விருந்து!

அதனினும் ரசமானது ஒரு விதிவிலக்கு. பள்ளிக்கு நிதி திரட்டும் விற்பனையாயின், வகுப்புகள் முடிந்து அரை மணி கழிந்த பின்னர் அதே வளாகத்திலேயே அச்சாயமிட்ட பண்டங்களை விற்கத் தடையில்லை. ஆகவே மணி அடிக்கும்போது தோஷமாக இருந்த மிட்டாய், அரை மணிக்குள் பிராயச்சித்தம் செய்துகொண்டு தர்ம கைங்கரியமாகிவிடுகிறது.

இந்தப் பட்டியலில் சேராத மூத்த உறவினர் ஒருவர் உண்டு. பெயர் சிவப்பு 3. எலிகளுக்கு அது புற்றுநோய் தந்ததைக் கண்டு, 1990-இல் முகப்பூச்சுப் பொருள்களிலிருந்து அதை விலக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார், உணவிலிருந்து விலக்க ஆணையிட்டது 2025 ஜனவரியில். உதட்டின்மேல் பூசலாகாத சிவப்பு, உதட்டைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்குவதற்கு மட்டும் சுமார் 35 வருஷகாலம் யாதொரு ஆக்ஷேபமும் இருக்கவில்லை.