அப்பவே அண்ணாச்சி

திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு செல்போன் கடை. முதலாளியின் ரேஷன் கார்டுப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. 'அப்பவே அண்ணாச்சி கடை' என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். எந்தப் பாட்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "அதயெல்லாம் நா அப்பவே கேட்டுட்டேம்லா" என்று குறுக்கே விழுவதால் வந்த பட்டம். நெற்றி நிறைய இலை விபூதி, கறுப்பு டீ-ஷர்ட்டில் மண்டையோடு, கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன். ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தர் இருக்கத்தான் செய்கிறார். எங்கள் ஊர்க்காரர் கொஞ்சம் முற்றிய ரகம்.

2016-இல் ஜியோ வந்து நெட்டை மலிவாக்கும் முன்பு 'பாட்டு ஏத்துறது' என்று ஒரு தொழில் இருந்தது. மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நாழிக்கிணற்றில் குளித்துச் சாமி கும்பிட்டு வருவதற்குள் நூறு பாட்டு ஏறியிருக்கும். அண்ணாச்சி நூறு ஏற்றச் சொன்னால் நூற்றைந்து ஏற்றுவார். அந்த ஐந்து அவருடைய தர்மக் கைங்கர்யம். பாதயாத்திரை வந்த கூட்டம் ஒன்று முருகன் பாட்டு வேண்டுமென்று வாங்கிப்போய், ஊர் திரும்பும் வேனில் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது நடுவே ஒரு கிதார் கதறி, டிரம்ஸ் இடி விழ, டிரைவர் டயர் வெடித்துவிட்டதென்று வண்டியை ஓரங்கட்டினாராம். மறு வருஷம் வந்து சண்டை போட்டார்கள். "அதுக்கப்புறம் அத முழுசாக் கேட்டியளா?" என்றுதான் அண்ணாச்சி கேட்டார்.

2013 வாக்கில் அவருக்குத் தைக்கூடம் பிரிட்ஜ் கிடைத்தது. கொச்சிக்காரப் பையன்களின் ராக் பேண்டு. அவர்கள் கூடிப் பாடிய வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்தின் பெயரையே பேண்டுக்கும் வைத்துவிட்டார்கள். கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சியை யூடியூபில் பார்த்ததிலிருந்து அண்ணாச்சி கடையில் வேறு பாட்டு ஓடவில்லை. ரீசார்ஜுக்கு வந்தவர்கள், சார்ஜர் வாங்க வந்தவர்கள், வழி கேட்க நின்றவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, அவர்கள் முகத்தையே உற்றுப் பார்ப்பார். "எப்படி?" "நல்லாருக்கு அண்ணாச்சி, மிச்சம் இருவது ரூவா தாங்க."

மீன் பெயர்களாக அடுக்கி அந்த பேண்டு ஒரு பாட்டு போட்டிருந்தது. இது மீன்காரர்களுக்காவது பிடிக்கும் என்று நம்பி அமலிநகர்க் கடற்கரைக்கே ஸ்பீக்கரைத் தூக்கிப் போனார். படகு கரையேறி, ஏலம் நடக்கிற நேரம். வலையில் சிக்கின மீனைப் பிரித்தபடி ஒரு பெரியவர் முழுப் பாட்டையும் கேட்டார். "இதென்ன தம்பி, ஏலக்காரன் கத்துறத மேளத்தோட பிடிச்சு வச்சிருக்கானுவ?" என்றார். அன்று ராத்திரி அண்ணாச்சி என்னிடம் சொன்னது: "இந்த ஊருப் பயலுவளுக்கு ரசனையே கிடையாது தம்பி. உலகம் பூரா கேக்க வேண்டிய பாட்டு."

உலகம் கேட்கத் தொடங்கியதுதான் கஷ்டமாகப் போயிற்று.

2018 அக்டோபரில் '96' படம் வந்தது. இசை கோவிந்த் வசந்தா, அதே பேண்டின் வயலின்காரர். அண்ணாச்சி முதல் காட்சிக்குப் போய்ப் பெருமையோடு உட்கார்ந்தார். இடைவேளையில் பின் வரிசைப் பையன் அந்த வயலினைச் சீட்டியடித்தபடி முறுக்கு வாங்கப் போனான். அப்போதே முகம் வாடிவிட்டதாகக் கேள்வி. அடுத்த வாரம் சில்லுக்கருப்பட்டி விற்கிற ஆச்சி கடைக்கு வந்தார்.

"ஏல, விசய் சேதுபதியும் திரிசாவும் ராத்திரி பூரா நடந்தே கெடப்பாவள்லா, அந்தப் படத்துல ஒரு பிடில் வருமே, அத எம் போன்ல வச்சுக் குடு."

"ஆச்சி, அது ஆரு வாசிச்சதுன்னு தெரியுமா?"

"ஆரு வாசிச்சா எனக்கென்னல? எம் மவ போன்ல இருக்கு."

வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இழவு வீட்டில் வேலை செய்தவன் கூலி கேட்பானா? அந்த வருஷச் சூரசம்ஹாரக் கூட்டத்தில் அவருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக அந்த வயலின் அடித்தபோது, சூரன் மாமரமாக நிற்பதைப் பாராமலே வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

"கெட்டுப் போயிட்டானுவ தம்பி. சினிமாவுக்குப் போயிட்டாம்லா, இனி அவ்வளவுதான்."

"பாட்டு நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?"

"நல்லாருக்கு. அதான் பிரச்சினயே. எல்லாவனுக்கும் நல்லாருக்கு."

மியூசிக் மோஜோவில் அந்த பேண்டு பேர் வாங்கியதே பழைய சினிமாப் பாட்டுகளைக் கோத்துப் பாடித்தானே என்று ஒருநாள் மெல்ல எடுத்துவிட்டேன். அண்ணாச்சி ஒரு டெம்பர்டு கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்ததும், "அப்ப அத எவனும் கேக்கலலா" என்றார். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் மாதமே சீட்டுப் பணம் கட்டியவர் கம்பெனியில் தானும் பங்காளி என்று நினைத்துக்கொள்வாரே, அண்ணாச்சியின் கணக்கும் அதுதான். பேண்டுக்கு அவர் கொடுத்தது காது. லாபம் வந்ததும் யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

இது அவருக்கு முதல் அடியும் அல்ல. ஹிப்ஹாப் தமிழா 2011-இல் ஒரே பாட்டில் பையன்கள் வாயில் புகுந்தபோது அதற்கும் காவலாக நின்றார். 2015-இல் அவர்கள் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார்கள், 2017-இல் அவர்களில் ஒருவரான ஆதி 'மீசைய முறுக்கு' படத்தை எடுத்துத் தானே கதாநாயகனாகவும் நின்றார். இவர் தலைமுழுகிவிட்டார். அமெரிக்க ராக் பேண்டான மெட்டாலிகாவின் கதை இன்னும் பழையது. அவர்களுடைய முதல் ஆல்பம் 1983-இல் வந்தது. அண்ணாச்சி அப்போது பால்வாடியில் சத்துமாவு தின்றுகொண்டிருந்தார். ஆனாலும் அதையும் 'அப்பவே' கேட்டவர்தான். 2011 அக்டோபரில் அவர்கள் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கூட்டம் பூரா 91-ல வந்த கறுப்பு அட்டை ஆல்பத்துக்கு வந்தவம். மொத ஆல்பம் கேட்டவம் அங்கன ஒருத்தன் கிடையாது" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார், வாசலில் நின்று தணிக்கை செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

1996-இல் அந்த மெட்டாலிகா ஆட்கள் நீள முடியைக் கத்தரித்துக்கொண்டு 'லோட்' ஆல்பத்தோடு வந்தபோது அமெரிக்காவில் பழைய ரசிகர்கள் பலர் துரோகம் என்று கொதித்தார்கள். முடி இறக்கினால் கொள்கையும் இறங்கிவிட்டதாம். இந்தக் கதையை அண்ணாச்சி கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடையைத் தாண்டி ஒரு குடும்பம் போயிற்று. தாத்தா முதல் கைக்குழந்தை வரை எல்லார் தலையிலும் மொட்டையும் சந்தனமும். அவர் கவனிக்கவில்லை.

மெட்டாலிகா ரசிகர்களுக்கும் முன்னோர் உண்டு. நாட்டுப்புறப் பாட்டுக்காரரான பாப் டிலன் கிதாருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டார் என்று 1966-இல் மான்செஸ்டர் கச்சேரியில் கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை 'யூதாஸ்' என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் சத்தம் போடவில்லை, அவ்வளவுதான். அண்ணாச்சியின் தாத்தா காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் எங்கே என்றாலும் மாட்டுவண்டி கட்டிப் போனவர். மல்லாரியில் தொடங்கி விடிய விடியக் கோயில் வீதியில் நின்று கேட்டவர். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் போட்டி போடும் அந்தப் பாட்டு இசைத்தட்டாகி, கல்யாணத்துக்குக் கல்யாணம் குழாய் ஸ்பீக்கரில் முழங்கியது. தாத்தா ஒரு கல்யாணத்தில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்துவிட்டாராம். "நாலு மணி நேரம் வாசிச்சத நாலு நிமிசத்துல கேட்டுட்டு, கேட்டேங்கான்" என்பது அவர் சொன்னதாகக் குடும்பத்தில் வழங்கும் வாசகம். இரண்டே வருஷத்தில், 1964-இல், காருகுறிச்சியார் காலமானார். அதன் பிறகு தாத்தா அந்த இசைத்தட்டையே தேடி வாங்கினார் என்று அண்ணாச்சியின் அம்மா சொல்வார். அண்ணாச்சி அந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

இப்போதும் அவரிடம் ஏதோ புதிய பேண்டு இருக்கிறது. கேட்டால் ஹெட்போனை இறுக்கிக்கொள்கிறார். "பேரு சொன்னா நீ எங்கனயாவது எழுதிருவ தம்பி." ஒரு காலத்தில் தெருவில் போனவர் காதில் எல்லாம் மாட்டிவிட்ட ஹெட்போன் அது.

2025 ஜூலை 7-ஆம் தேதி எங்கள் கோயிலில் கும்பாபிஷேகம். லட்சக்கணக்கில் ஜனம். ஊர் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. போன வாரம் கடையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சியின் அம்மா கோயிலிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து ஸ்டூலில் சாய்ந்தார்.

"நா கட்டிக்கிட்டு வந்த புதுசுல வெளக்கு வச்ச பெறவு ஒரு எட்டு போயிட்டு வருவோம். போத்தி பேரச் சொல்லிக் கூப்பிட்டு விபூதி குடுப்பாரு. இப்ப நூறு ரூவா டிக்கெட்டு வரிசையே கடலு வரைக்கும் நிக்கு. ரீல்ஸ்ல பாத்துட்டு வாராளுவளாம்."

அண்ணாச்சி கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "எம்மா, சாமி எல்லாத்துக்கும் பொதுல்லா? நாலு பேரு வந்தாத்தான சாமிக்கும் மரியாத? நமக்கு மட்டும்னு பூட்டியா வைக்க முடியும்?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வரட்டும்ல, நா வேண்டாங்கல. ஆனா நேத்து வந்தவளுக்கும் எனக்கும் ஒரே வரிசையா? நா அப்பவே கும்புட்டவ!"

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவிய சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்குலா தம்பி."