காலாவதியாகும் அப்பா லீவு

ஸ்டாக்ஹோம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது, உலை யார் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் இரட்டைச் சம்பளக் குடும்பம் சாயாமல் நிற்கிறதென்றால், பெரும்பாலும் பின்னால் சம்பளமே வாங்காத ஓர் அம்மாவோ மாமியாரோ இருப்பார். அவரைக் கழித்துப் பார்த்தால்தான் மற்ற இருவரின் சாமர்த்தியம் தெரியும். ஸ்வீடனுக்கு வரும் தம்பதிகளுக்கு அந்தக் கழித்தல் விமான நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் வீட்டைத் தாங்குவது சட்டம்தான். அதுவும் நல்ல வார்த்தை சொல்லித் தாங்குவதில்லை, கெடு வைத்துத் தாங்குகிறது.

ஒரு குழந்தைக்கு இங்கே தாய் தகப்பன் இருவருக்குமாக 480 நாள் உதவித்தொகையுடன் விடுப்பு. 1974-லேயே அப்பாக்களுக்கும் இதைத் திறந்துவிட்டார்கள். திறந்த கதவு வழியே ஆண்கள் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. தொடக்கத்தில் மொத்த நாட்களில் ஒரு விழுக்காடுகூட அவர்கள் எடுக்கவில்லை. சமத்துவம் பேசிக்கொண்டே நாட்களை மனைவி பெயருக்கு எழுதி வைத்தார்கள். பொறுத்துப் பார்த்த அரசாங்கம் 1995-ல் ஆளுக்கு ஒரு மாதத்தை ஒதுக்கியது: இவர் எடுக்காவிட்டால் அவருக்கும் கிடையாது, போனது போனதுதான். 2002-ல் அது இரண்டு மாதம், 2016 முதல் ஆளுக்கு 90 நாள். ஆடித் தள்ளுபடிக்கு இன்றே கடைசி என்றால் தி. நகரில் என்ன நடக்கும்? அதுவேதான் நடந்தது. இன்று ஏறக்குறைய 30 விழுக்காடு நாட்களை அப்பாக்கள் எடுக்கிறார்கள். மனைவி மேல் திடீரென்று பொங்கிய பாசம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாயோ தகப்பனோ வீட்டிலிருக்கலாம்; ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை, சம்பளத்தில் 80 விழுக்காட்டை ஒட்டிய தொகை வந்துவிடும். பிள்ளைக்கு எட்டு வயதாகும்வரை வேலை நேரத்தைக் கால்பங்கு குறைத்துக்கொள்ளலாம், சம்பளமும் குறையும். சட்டத்தைவிடப் பெரிய உபகாரம், பாலர் பள்ளி முடியும் நேரத்தில் மேலாளரே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவது. அவர் போனபின் நம்மவர் மட்டும் உட்கார்ந்து யாருக்குக் கடமை உணர்ச்சியைக் காட்டுவது?

வரியில் பிடுங்கிக்கொள்வார்களே என்பீர்கள். உண்மைதான், பெரும்பாலான பொருள்களுக்கு விற்பனை வரியே 25 விழுக்காடு. ஆனால் முதல் பிள்ளையின் பாலர் பள்ளிக் கட்டணம் குடும்ப வருமானத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சென்னையில் பிளே ஸ்கூலுக்குக் கட்டுகிறவர்களைக் கேட்டுவிட்டு வரியைத் திட்டலாம். இதைவிட வலுவான ஆட்சேபம், நம்மவர்களில் பலர் இந்த விடுப்பை எடுக்கவே தயங்குவது. வேலை அனுமதி ஆரம்பத்தில் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது; வேலை போனால் விசா ஆட்டம் காணும் என்ற பயத்தைச் சட்டப் புத்தகம் போக்காது. குளிர்காலத்தில் இங்கே காலை எட்டு என்றால் சென்னையில் பன்னிரண்டரை. சென்னை அலுவலகத்தோடு வேலை செய்கிறவருக்குக் கண் விழிக்கும்போதே அரைநாள் பாக்கி. தோசைக்கு அரைப்பது யார் என்றும் எந்தப் பிரிவிலும் எழுதவில்லை. ஆனால் மூன்று மாதம் பிள்ளையோடு தனியாக மாட்டிக்கொண்ட ஆண், "பகலெல்லாம் வீட்டில் என்ன வேலை?" என்று கேட்பதை நிறுத்திவிடுகிறான். கெடுவின் பலன் விடுப்பு முடிந்தபிறகும் நீள்கிறது என்பதற்கு இதுவே எனக்குப் போதும்.

"நான் வந்து பார்த்துக்கொள்கிறேனே" என்பீர்கள். விருந்தாளி விசா பொதுவாக 90 நாள்தான். 2024 ஜூலை முதல் பெற்றோர் தம் விடுப்பில் தலைக்கு 45 நாள் வரை தாத்தா பாட்டிக்கு மாற்றித் தரலாம். ஆனால் வாங்குகிறவர் இந்நாட்டுக் காப்பீட்டில் இருக்கவேண்டும். ஆகவே நீங்கள் வந்து உழைத்தால், ஊரில் போலவே சம்பளமில்லாமல்தான். அதனால் ஜூலையில் வாருங்கள். கோடையில் தொடர்ந்து நான்கு வார விடுமுறை இங்கே உரிமை. பாதி நகரம் காலியாக, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதக்கூட ஆளிருக்காது. கரண்டி உங்கள் கைக்கு வராது. பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள், இந்த ஊர் ஆண்கள் பிள்ளைக்குத் துணி மாற்றுவதைப் பார்க்கட்டும். சாம்பார் பொடி மட்டும் இரண்டு கிலோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்