நோவாவின் கணக்கு

கேள்வி: நோவா பேழையில் ஏற்றிய மிருகங்கள் ஆதியாகமத்தில் ஓரிடத்தில் ஒரு ஜோடி, இன்னோரிடத்தில் ஏழு ஜோடி. வெள்ளம் 40 நாளா, 150 நாளா? படைப்பில் மிருகம் முதலா, மனிதன் முதலா? எதை நம்புவது ஐயா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நாள் கணக்கை நம் ஆறே தீர்த்துவைக்கும். பெய்தது 40 நாள், தண்ணீர் நின்றது 150 நாள். மலையில் பெய்தது கிந்தா வழியே பேராக் ஆற்றில் கலந்து தெலுக் இந்தானை மிரட்டும்போது, ஈப்போவில் துணி காயப்போட்டிருப்பார்கள்.

ஏழு ஜோடி சுத்தமான மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் மட்டும். கரையேறியதும் நோவா பலி கொடுக்கிறாரே! ஒரே ஜோடி என்றால் அன்றோடு ஆட்டினம் முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குக் கறி ஏது?

படைப்பு வரிசைதான் நிஜமாகவே உதைக்கிறது. முதல் அதிகாரத்தில் மிருகங்கள், பிறகு மனிதர். இரண்டாவதில் ஆதாம், பிறகு மிருகங்கள், கடைசியில் ஏவாள். 1753இல் ழான் அஸ்த்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர், மோசே பழைய ஏடுகளை, முக்கியமாக இரண்டை, சேர்த்தே ஆதியாகமத்தைத் தொகுத்தார் என்று எழுதினார். பெயர் போடாமல்தான், வைத்தியருக்கு வம்பின் வாசனை தெரியும். பின்வந்த அறிஞர்கள் மோசேயை விட்டுவிட்டார்கள், ஏடுகளை விடவில்லை. வெள்ளக் கதையிலும் இரண்டு ஏடுகள் பின்னிக் கிடப்பதாகச் சொல்கிறார்கள்.

ஒரே ரப்பர் தோட்டத்தின் கதையைக் கிராணி செக்ரோலைப் புரட்டித் தேதிவாரியாகச் சொல்வார். பால்மரம் வெட்டிய பாட்டியோ யார் யாரைக் கட்டினார் என்பதில் தொடங்குவார். ஆதியாகமத்தைத் தொகுத்தவர் இரண்டையும் வைத்துக்கொண்டார். எங்கள் ஆசிரியராக இருந்திருந்தால், பக்கம் போதாது என்று இரண்டையுமே வெட்டியிருப்பார்.