நாற்காலி இல்லாதவரை எழுப்புவது எப்படி?

கேள்வி: லிபியாவையும் ரஷ்யாவையும் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலிலிருந்து இடைநீக்கம் செய்தார்களே, இலங்கையை ஏன் விட்டார்கள்?
- வாசகர் ஒருவர், உத்தரகோசமங்கை

பதில்: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத்தானே எழுந்திருக்கச் சொல்ல முடியும்? 2008 மே தேர்தலிலேயே இலங்கை தன் இடத்தை இழந்துவிட்டது. முள்ளிவாய்க்காலில் இறுதிப் போர் நடந்தது மறு ஆண்டு. உறுப்பினராக இருந்திருந்தாலும் பொதுச்சபையில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2022-ல் ரஷ்யாவுக்கு எதிராக 93 நாடுகள் கைதூக்கின, 24 எதிர்த்தன, 58 ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று.

நெஞ்சு எரிவது வேறொன்றுக்கு. போர் முடிந்த அதே மே மாதம் இதே கவுன்சில் சிறப்புக் கூட்டம் கூட்டி, கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. இந்தியாவும் ஆதரித்தது. அந்த வாக்கை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இலங்கைக்கு நாற்காலி இருந்த இடம் காமன்வெல்த். அது 1995-ல் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. இலங்கையையும் அப்படிச் செய்யக் கோரி 2013 அக்டோபரில் நம் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு நடந்தேவிட்டது! அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை, வெளியுறவு அமைச்சர் போனார்.

இன்றைக்குப் பெரிய வேலை சாட்சியங்களைக் காப்பது. அதற்கு ஜெனிவா மனித உரிமைக் கவுன்சிலின் 2021 தீர்மானம் வழி செய்தது. அப்போதும் இந்தியா ஒதுங்கியது. உங்கள் பக்கத்து மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் வாய்மொழியும் சாட்சியமே. உங்கள் எம்.பி. வாக்குக் கேட்டு வரும்போது, ஜெனிவாவில் இந்தியாவின் வாக்கு யாருக்கு என்று நீங்கள் கேளுங்கள்.